எந்தக் காற்று?

அந்த வீட்டில் மொத்தம் ஐந்து வாய்கள். அப்பா, அம்மா, விடுதியில் படிக்கும் அக்கா, பத்து வயதுச் சின்னவள். ஐந்தாவது வாய், வாசலில் நின்ற பெரிய பழைய டீசல் வண்டியுடையது. மற்ற நான்கு வாய்களும் சாப்பிடுவதைவிட அது குடித்ததுதான் அதிகம்.

சின்னவளுக்கு வீட்டில் 'கேள்வி' என்று பெயர். நாளுக்கு நூறு கேள்வி கேட்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவது?

முன்பெல்லாம் டேங்க்கை நிரப்பினால் அக்காவின் விடுதிக்கு மூன்று முறை போய் வரலாம். இரண்டு மணி நேரப் பயணம். சனிக்கிழமை தவறாமல் போவார்கள். இப்போதோ இரண்டாவது முறை திரும்புவதற்குள் டீசல் அளவு காட்டும் முள் கீழே படுத்துவிட்டது. பின்னால் கரும்புகை வேறு.

அப்பா வண்டியை விரட்டுவதுதான் காரணம் என்றாள் அம்மா. அம்மா பின்சீட்டில் ஏற்றும் மூட்டைகள்தான் காரணம் என்றார் அப்பா. கடைசியில் அப்பா தெருமுனை மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டினார்.

மெக்கானிக்குக்கு வேலை செய்யும்போது உதட்டில் ஒரு திருகாணியைக் கவ்விக்கொள்ளும் பழக்கம். அதனால் பேச்சு இரண்டு வார்த்தையைத் தாண்டாது. புகையைப் பார்த்தார்.

"காத்து பத்தல" என்றார். அடுத்த வண்டிக்கு அடியில் போய்விட்டார்.

அப்பாவுக்கு ஒரே மகிழ்ச்சி. இவ்வளவுதானா! அன்று முதல் தினமும் சாயங்காலம் காலால் மிதிக்கும் பம்பை எடுத்துவந்து, நான்கு டயருக்கும் மூச்சிரைக்கக் காற்று அடித்தார். டயர்கள் கல்லாக இறுகின. சின்னக் குழியில் இறங்கினாலும் எல்லார் தலையும் கூரையில் இடித்தது. டீசல் மட்டும் ஒரு சொட்டுகூட மிச்சமாகவில்லை.

"இது யானைப் பசி. நாம போடறது சோளப்பொரி" என்று அப்பா கையை விரித்தார். இனி மாதத்துக்கு ஒரு முறை விடுதிக்குப் போனால் போதும் என்று முடிவானது.

அக்காவிடம் போனில் சொன்னார்கள்.

"பரவால்லப்பா. எனக்கும் படிக்க நிறைய இருக்கு. பரவால்ல... பரவால்ல" என்றாள் அக்கா.

கேள்வி விரல்விட்டு எண்ணினாள். அக்கா ஒரு முறை 'பரவால்ல' என்றால் நிஜமாகவே பரவாயில்லை. மூன்று முறை சொன்னால் அழுகையை விழுங்குகிறாள் என்று அர்த்தம். இது கேள்விக்கு மட்டும் தெரிந்த ரகசியம்.

மறுநாள் கேள்விக்குச் சளி. மூக்குத் துளை இரண்டும் அடைத்துக்கொண்டன. மாடிப்படி ஏறுவதற்குள் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. அம்மா ஓடிவந்து ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

"காத்து பத்தலடி உனக்கு. மூக்கச் சிந்து முதல்ல."

கேள்வி கைக்குட்டையை எடுத்தவள் அப்படியே நின்றாள். காத்து பத்தல! தனக்கு டயர் இல்லையே!

"அப்பா, மெக்கானிக் மாமா எந்தக் காத்தச் சொன்னாரு?"

"வண்டில வேற எங்கடி இருக்கு காத்து? டயர்லதான்."

"அவர்கிட்டயே கேட்டீங்களா?"

அப்பா செய்தித்தாளை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். கேட்கவில்லை என்று புரிந்தது. இத்தனை வருடம் வண்டி ஓட்டுகிறவர், இதைப் போய்க் கேட்டால் மானம் போய்விடாதா?

கேள்விக்கு அந்தக் கவலை இல்லை. பள்ளி விட்டு வரும் வழியில் பட்டறையில் நின்று அதையே கேட்டாள். மெக்கானிக் முதல் முறையாக வாயிலிருந்து திருகாணியை எடுத்தார்.

"வண்டி மூச்சு விடற காத்தும்மா. எஞ்சினுக்குள்ள போகணும்ல? காத்து பத்தலன்னா டீசல் பாதி எரியாம புகையாப் போயிடும். ஏன், அப்பா என்ன செஞ்சாரு?"

கேள்வி சொன்னாள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பம்பு மிதிப்பதுபோல் ஒரு காலைத் தூக்கியும் காட்டினார். கேள்விக்கும் சிரிப்பு வந்தது. உடனே வேர்த்து வழிய மிதித்த அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

"மாமா, வீட்டுக்கு வந்து பாருங்க. ஆனா அப்பா முன்னாடி சிரிக்காதீங்க."

அவர் திருகாணியை மறுபடி உதட்டில் வைத்துக்கொண்டார். அதை வைத்துக்கொண்டு எவராலும் சிரிக்க முடியாது.

சாயங்காலம் வந்தவர் வண்டியின் முன்மூடியைத் தூக்கினார். எஞ்சின் பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. அதுதான் வண்டியின் மூக்காம். திறந்தால், காற்றை வடிகட்டும் மடிப்புத்தாள் முழுக்கப் புழுதி அப்பிக் கிடந்தது. அதற்கும் முன்னால் வழியை அடைத்துக்கொண்டு ஒரு காலி எலிக்கூடு! பஞ்சு, காகிதத் துணுக்கு, நடுவில் பாதி கடித்த ஒரு காலுறை.

"என் காலுறை!" என்றார் அப்பா.

"நான் தொலைச்சேன்னு ரெண்டு மாசமாச் சொன்னீங்களே" என்றாள் அம்மா. அப்பா சட்டென்று எஞ்சினை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார்.

கூட்டை எடுத்து, புது வடிகட்டி போட்டு, டயர்களில் இருந்த அதிகக் காற்றையும் இறக்கினார்கள். வண்டியைக் கிளப்பினால் கரும்புகையைக் காணோம். மெக்கானிக் கடைசிவரை சிரிக்கவில்லை. மீசை மட்டும் லேசாக ஆடியது.

சனிக்கிழமை மூவரும் புறப்பட்டார்கள். யார் தலையும் கூரையில் இடிக்கவில்லை. விடுதி வாசலை அடைந்தபோது கேள்வி எட்டி முள்ளைப் பார்த்தாள். அது பழையபடி நிமிர்ந்து நின்றது.

அக்கா ஓடிவந்து ஏறிக்கொண்டாள். தங்கையைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை.

"இனி மாசத்துக்கு ஒரு தடவதான்னு சொன்னீங்க? வண்டிக்கு என்னப்பா ஆச்சு?"

அப்பா தொண்டையைச் செருமினார்.

"ஒண்ணுமில்லம்மா. காத்து பத்தல."

அக்கா ஜன்னலுக்கு வெளியே எட்டி டயரைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து கேட்டாள்.

"எந்தக் காத்து?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். கேள்வி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வண்டியே குலுங்கும்படி முதலில் சிரித்தவர் அப்பாதான்.