வேலாயி என்று கூப்பிட்டால்

கோப்பிப் பழம் பறித்துவிட்டுச் சாயந்தரம் கூலி ஆட்களின் லயத்துக்குத் திரும்பிய ராக்கம்மா, பாயைத் தொட்டதும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். கூரை ஒழுகவில்லை, மழையும் இல்லை. ஆனால் யாரோ இப்போதுதான் படுத்து எழுந்ததுபோல் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை ஈரம். அதில் புதுக்குழி மண்ணின் வாடை அடித்தது.

அந்த ஒற்றை அறைக் காம்பராவில் முன்பு இருந்தவள் வேலாயி. காய்ச்சலில் செத்துப்போனாள், பாவம். ஆள் குறைந்தால் துரை எரிந்து விழுவாரே என்று அவள் செத்ததை மறைத்துவிட்டு, புதிதாக வந்த ராக்கம்மாவைக் கங்காணி அழகமுத்து கூப்பிட்டார்.

"காலையில பெரட்டுல ஆள் கூப்பிடுறப்ப, வேலாயின்னா நீ 'இருக்கேன் சாமி'ன்னு சொல்லணும். அப்பத்தான் அரிசி."

"எம்பேரு ராக்கம்மாங்க. எம்புருசன் தேடி வந்தா..."

"வந்தாப் பாப்போம். வயித்துக்கு முன்னால பேரு என்ன புள்ள பெரிய பேரு?"

வயிறு கேட்குமா? மறுநாள் பெரட்டில் அப்படியே சொன்னாள்.

மன்னாரிலிருந்து நடந்து வந்த காட்டுப் பாதையில், வாந்திபேதி கண்ட புருசன் இராமையாவை மரத்தடியில் போட்டுவிட்டு இவளை மட்டும் இழுத்து வந்திருந்தார்கள். "தெல்தோட்டைப் பக்கம் வந்து எம்பேரச் சொல்லிக் கேளுய்யா!" என்று அப்போது தொண்டை கிழியக் கத்தியிருந்தாள். அந்தப் பேரை விட்டால் அவனுக்கு வேறு வழி ஏது?

ஈரம் தினமும் வந்தது. தண்ணீர் பிடிக்கும் பீலியில், பறிக்கும் நிரையில், அடுத்த காம்பராவில் எல்லாரும் அவளை வேலாயி என்றே கூப்பிட்டார்கள். ராக்கம்மா என்று சொல்ல அந்த மலையில் ஒரு வாய் இல்லை. தானே சொல்லிப் பார்த்தாள். யாரோ அசலூர்க்காரி பேர்போல் இருந்தது. அழுதாள்.

ஒரு நாள் பெரட்டு நேரம், பனிக்குள்ளிருந்து கம்பை ஊன்றிக்கொண்டு ஒருவன் ஏறி வந்தான். எலும்பும் தோலுமாக. இராமையா. அம்மாடி, உயிரோடு!

"எம்பொஞ்சாதிங்க. ராக்கம்மா. இங்க இருக்காளா?"

"அப்படி யாரும் இல்லப்பா," என்றார் அழகமுத்து.

ராக்கம்மா வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. தொண்டை நிறைய மண்.

"இருக்கேன்யா."

பின்னாலிருந்து. அவளுடைய குரலேதான்.

ஒருத்தி அவளை உரசிக்கொண்டு போனாள். ஈரச் சேலை. முடியில் மண். இராமையா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தைபோல் அழுதான்.

"கை ஏண்டி இப்புடிச் சில்லிட்டிருக்கு?"

அவள் அவனைத் தோட்டத்தை விட்டு வெளியேறும் கண்டி ரோட்டுக்குக் கூட்டிப்போகவில்லை. சரிவில் இறங்கினாள். செத்தவர்களைப் புதைக்கும் பக்கம்.

"வேலாயி!" கங்காணி கூப்பிட்டார்.

ராக்கம்மாவின் வாய் தானாகத் திறந்தது.

"இருக்கேன் சாமி."

கீழே இராமையா இடுப்பளவு மண்ணுக்குள் இறங்கியிருந்தான். பிடித்த கையை அவன் விடவே இல்லை.