தரைத்தளத்தில் ஏத்தம்

குளியலறையில் தண்ணீர் நிற்பது பேபிக்குப் புதிதில்லை. பெரும்பாக்கம் குடியிருப்பில் தரைத்தளத்து வீடு கிடைத்த நாளிலிருந்தே சாக்கடை எதிர்த்து வருவதும், அவள் வாளியில் அள்ளி வெளியே கொட்டுவதும் நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அன்று வந்த தண்ணீரில் நாற்றமில்லை. தெளிவாக, ஓசையில்லாமல் மெல்ல ஏறி, கொஞ்ச நேரம் அசையாமல் நின்று, வந்த வழியே இறங்கிப் போனது. விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு.

"ஏத்தம்," என்றார் அவள் புருஷன் சவுரிமுத்து, படுத்தபடியே. "கடல் ஏறுது. சாயங்காலம் மறுபடி வரும். நாளைக்கு முக்கா மணி நேரம் தள்ளி வரும், பாரு."

"கடல் ரெண்டு பஸ் தள்ளிக் கீது. சும்மா படுய்யா."

முப்பது வருஷம் கடலுக்குப் போனவர். கடலோரக் குப்பத்திலிருந்து அரசாங்கம் இங்கே கொண்டுவந்து விட்ட மறு வருஷமே பக்கவாதம் வந்து விழுந்தார். கட்டிலில் போட்டால் உருண்டுவிடுகிறார் என்று தரையிலேயே மெத்தை விரித்திருந்தாள்.

அவர் சொன்ன நேரம் ஒருநாளும் தப்பவில்லை. பத்தே நாளில் குளியலறைச் சுவரின் அடியில் பச்சைப் பாசி படர்ந்தது. அதற்கு மேலே, படகின் அடியில் ஒட்டி வளருமே, அந்தக் கூரான வெள்ளைச் சிப்பிகள். அதற்கும் மேலே கடுகுபோலக் கறுப்பு நத்தைகள். கரையோரக் கருங்கல்லில் எது எந்த உயரத்தில் வாழுமோ, அதே வரிசை. ஓ.எம்.ஆர். சாலையில் ஒரு கம்பெனியின் கழிவறைகளைக் கழுவிவிட்டு வந்து, வீட்டிலும் ஆசிட் ஊற்றித் தேய்த்தாள். பயப்படக்கூட உடம்பில் தெம்பில்லை. மறுநாள் அவை இன்னும் ஒரு சாண் மேலே இருந்தன.

துணி மாற்றும்போது அவர் குதிகாலில் நாலைந்து வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. பித்தவெடிப்பு என்று நகத்தால் சுரண்டினாள். ரத்தம் வந்தது.

"உடு பேபி. கால்ல உணர்ச்சி வருது."

ரெண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் சிரித்தார்.

பௌர்ணமிக்கு முந்தின நாள் அவளுக்கு டபுள் டியூட்டி. மேல்மாடி ஆட்டோக்காரர் ஜீவானந்தத்திடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாள். மறுநாள் காலை எட்டரைக்குத் திரும்பியபோது ஜீவானந்தம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்.

"கஞ்சி குடிச்சாராண்ணா?"

"வாணான்ட்டார்க்கா. போர்வைய இழுத்துப் போத்திக்கினு, தண்ணி வந்தா போதும்ன்றார். எனக்கு இன்னாமோ மாரி கீது."

"இன்னிக்குப் பெரிய ஏத்தம். ஒரு கை புடிங்கண்ணா, மாடிக்குத் தூக்கிடலாம்."

கதவைத் திறந்தாள். நல்ல வெயில் ஜன்னல் வழியே உள்ளே விழுந்து, கூடம் முழுக்கப் பரவிக் கணுக்காலளவு ஏறியிருந்த தண்ணீரில் நெளிந்தது. கழிமுகச் சேற்றின் மணம். மெத்தையின் ஓரத்தில் பொடி நண்டுகள் ஏறிக்கொண்டிருந்தன.

ஜீவானந்தம் தோளைப் பிடித்தார். அவள் கால்களை. தூக்கினார்கள்.

வரவில்லை.

மறுபடி இழுத்தார்கள். போர்வைக்கு அடியில் ஏதோ நறநறவென்று பிய்ந்தது. ஜீவானந்தம் கையை உதறினார். பின்வாங்கினார். ஓடினார்.

பேபி போர்வையை விலக்கினாள்.

பாதங்கள் பச்சை. அதற்கு மேல் தோலே தெரியவில்லை. இடுப்புவரை சிப்பிகள். நெருக்கமாக. மெத்தையோடு, தரையோடு ஒன்றாக. எல்லாம் வாய் மூடியிருந்தன.

"வந்துட்டியா," என்றார் சவுரிமுத்து. முகத்தில் வலியே இல்லை. "உக்காரு பேபி. எவ்ளோ நாளு நின்னுகினே இருப்ப."

தண்ணீர் மெத்தைக்கு மேல் ஏறியது. சிப்பிகளைத் தொட்டது. ஒன்று திறந்தது. பத்து. நூறு. மயிரிழைபோன்ற கால்களை நீட்டி நீரைத் துழாவின. அத்தனையும். சத்தமில்லாமல்.

நேற்றுக் காலையிலிருந்து நின்ற கால்கள் அவளுக்கு.

உட்கார்ந்தாள்.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. கணுக்காலில் ஏதோ வந்து தொட்டது. பிடித்துக்கொண்டது.