கடைசிப் பாக்கெட்

தழையை ஒடித்துப் போட்டும் ஆடு திரும்பவில்லை. கிளை முறிகிற சத்தத்துக்கே கயிற்றை இழுத்துக்கொண்டு பாயும் ஆடு, சுவரைப் பார்த்து அசைபோட்டுக்கொண்டு நின்றது. அன்புச்செல்வி அதன் காதைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே சாம்பல் நிறத்தில் ஏதோ கல்லாக இறுகிக் கிடந்தது. முகர்ந்ததும் தெரிந்துவிட்டது. அவர்கள் கடையில் விற்கும் குழாய்ப் பசை. இரண்டு உருண்டைகளைச் சேர்த்துப் பிசைந்து ஒழுகலை அடைப்பது.

கணவன் சகாயராஜுக்குத் திண்டிவனத்தில் பைப்புக் கடை. மூன்று மாதம் முன்பு விழுப்புரம் பைபாஸில் வண்டியோடு விழுந்தபோது அவன் ஹெல்மெட் பெட்ரோல் டேங்கின் மேல் பத்திரமாக இருந்தது. டேங்குக்கு ஒரு கீறல் இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர், சோதனையில் இருக்கிற ஒரு புது ஊசியைப் பற்றிச் சொன்னார். சரக்கை விரித்துக் காட்டத் தெரிந்தவர். "அடிபட்ட செல்லு சாகறப்ப கத்தும்மா. ஒரு ரசாயனத்தக் கொட்டும், அதான் கத்தல். பக்கத்துல நல்லா இருக்கற செல்லு அதக் கேட்டே செத்துப்போவும். கேக்குற காதுக்கு ரிசப்டர்னு பேரு. இந்த ஊசி அந்தக் காத அடைச்சிடும்."

"எங்க தம்பிக்கு எதுக்கு சார்? கல்யாணம் ஆனதுலேர்ந்து அவன் காத அடைச்சிக்கினுதான் இருக்கான்" என்றார் சகாயராஜின் அண்ணன் சவுரிராயன்.

அன்புச்செல்வி சிரிக்கவில்லை. போடச் சொன்னாள். நினைவில்லாமல் கிடந்தவனின் இமை அப்போது துடித்தது. நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டாள்.

வீடு திரும்பிய சகாயராஜ் நடந்தான், சாப்பிட்டான், மகளைப் பாப்பா என்று கூப்பிட்டான். வேறு பேச்சில்லை. முழுசாகத் திரும்பிவிட்டார் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டு, பிரித்துப் பார்க்காமல் பெட்டியை வாங்கியவளாகக் கடையில் போய் உட்கார்ந்தாள்.

போன வாரம், பாப்பா பள்ளிக்கூடம் போயிருந்த ஒரு பகலில் அவன் கொல்லையில் நின்று ஒரே ஒரு தரம் கத்தினானாம். தெருமுனையில் இருந்த கோவிந்தம்மாளுக்கே நெஞ்சை அடைத்ததாம். சாயங்காலம் வந்து பார்த்தால் கோழிகள் அத்தனையும் காயமில்லாமல் சாய்ந்து கிடந்தன. நோவு என்று சொல்லி, சவுரிராயன் இரண்டைக் குழம்புக்கு எடுத்துக்கொண்டார்.

ஆட்டைப் பற்றிச் சொன்னதற்கும் சிரித்தார். மறுநாள் பகலில் மறுபடி கத்தல். முருங்கைக்கடியில் காக்கைகள் கிடந்தன. ஆடு தழை தின்றுகொண்டிருந்தது.

பாப்பாவை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். நாளைக்குக் கடையை மூடினதுமே.

அடுத்த நாள் காலையில் சகாயராஜ் கடைக்கு வந்து சும்மா சுற்றிவிட்டுப் போனான். சாயங்காலம் ஓமந்தூர்க்காரர் ஒருவர் குழாய்ப் பசை கேட்டார். பெட்டியில் ஒன்றுதான் இருந்தது. கடைசிப் பாக்கெட் என்று சொல்லிச் சொல்லியே விலையை இறக்காமல் விற்றாள். அவர் வண்டி நகர்ந்த பிறகுதான் உறைத்தது.

காலையில் பெட்டி நிறைய இருந்ததே.

ஷட்டரைக்கூட இழுக்கவில்லை. கையில் அவர் கொடுத்த நோட்டோடு ஓடினாள்.

தெரு விளக்கு எரியத் தொடங்கியிருந்தது. குழாயடியில் கோவிந்தம்மாள். அன்புச்செல்வி அவளைக் கூப்பிட்டாள். திரும்பவில்லை. வீட்டுக்குள் அந்த நெடி, மூக்கை எரிக்கும் நெடி. நாற்காலியில் சவுரிராயன், குடித்துவிட்டுத் தூங்கினார்.

"மாமா."

அசையவில்லை. காதில் சாம்பல் நிறப் பசை.

பாப்பா தரையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா."

பென்சில் ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டு காதிலும் பசை. அதன் மேல் அவன் கட்டைவிரல் ரேகை.

நிழல் பட்டு நிமிர்ந்தாள். சிரித்தாள். "அம்மா, அப்பா வெளாட்டுக் காட்டறாரு" என்றாள், தெருவுக்கே கேட்கிற குரலில்.

சமையற்கட்டு வாசலில் அவன் நின்றான். விரல்கள் சாம்பலாக இருந்தன. கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"எல்லாருக்கும் வெச்சிட்டேன். பாப்பாவுக்குத்தான் மொதல்ல." மூச்சு வாங்கினான். "உனக்குன்னு கடையில ஒண்ணு வுட்டுட்டு வந்தேனே. எடுத்தாந்தியா?"

அவள் கையில் நோட்டு கசங்கியது.

இரண்டு கையாலும் அவன் தன் தாடையைப் பிடித்து அழுத்தினான். கண்ணில் நீர் வழிந்தது. விரல்களை மீறி வாய் திறந்துகொண்டே வந்தது. பாப்பா அம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.