மைனஸ் நாற்பதில் ஒரு மாப்பிள்ளை

காலை எட்டு மணிக்கே சாத்தூரில் வெயில் மண்டையைப் பிளந்தது. நாங்கள் முப்பது பேரும் பஸ்ஸுக்குள் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கம்பளியைக் கொடுத்ததே பஸ்தான். ராத்திரி முழுக்க ஸ்டாண்டில் நின்ற தானோட்டிப் பஸ் அது. "எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் மைனஸ் நாற்பது டிகிரி. கடும் உறைபனி. வண்டி நகராது," என்று அறிவித்துவிட்டு ஹீட்டரையும் போட்டுவிட்டது.

பத்தரைக்குக் கோவில்பட்டியில் எனக்குக் கல்யாணம்.

பக்கத்தில் என் தாய்மாமன் சொக்கையா வேர்த்து வழிந்தபடியே நடுங்கிக்கொண்டிருந்தார்.

"மாமா, ஒயர் தொடர்பு விட்டுப்போனா இந்த வெப்ப உணர்வி மைனஸ் நாற்பதுதான் காட்டும். நான் மெக்கானிக், எனக்குத் தெரியாதா?"

"நீ சொன்னா ஆச்சா மாப்ளே? கருவி சொல்லுதுல்லா!"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அளவிச் சட்டம் வந்து இருபது வருஷமாகிறது. கருவி சொன்னால் சாட்சி, மனுஷன் சொன்னால் வதந்தி. ஒரு கருவியைச் சந்தேகப்பட இன்னொரு கருவிதான் வரவேண்டும். எனக்கு வந்த எரிச்சலில் அழுகையே வந்துவிட்டது.

பஸ்ஸிடமே கேட்டேன். "வெளியே என்ன சூடு?"

"முப்பத்தெட்டு."

"ராத்திரி பூரா ஆறின எஞ்சினும் வெளிக்காத்தும் ஒரே சூட்டுலதானே இருக்கணும்?"

பஸ் தன் இரண்டு கருவிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தது. "சந்தேகம் ஏற்கப்பட்டது. எஞ்சின் மூடி திறக்கப்படுகிறது."

உணர்வியின் பிளக்கைப் பிடுங்கினால் உள்ளே பச்சைப் பசேலென்று களிம்பு. ரப்பர் வளையம் வெடித்துத் தண்ணீர் புகுந்திருக்கிறது. வருஷத்துக்கொரு தடவை அந்த வளையத்தை மாற்றியிருந்தால் இந்தக் கூத்தே இல்லை. சுரண்டி, துடைத்து, அழுத்திச் செருகினேன்.

"கூலண்ட் முப்பத்தெட்டு," என்றது பஸ்.

மாமா உடனே கம்பளியை வீசினார். "ஏயப்பா, என்னா வெக்கை!"

எல்லோரும் வீசினார்கள். நான் மட்டும் கழற்றவில்லை. பட்டுச் சட்டையெல்லாம் கிரீஸ்.

கோவில்பட்டி மண்டபத்தில் மணப்பெண் இதழினியின் மணிக்கட்டில் சம்மதமானி கட்டியிருந்தார்கள். அதில் பச்சை எரிந்தால்தான் தாலி. அது அசையாமல் பூஜ்யத்தில் நின்றது. "பொண்ணுக்குச் சம்மதம் இல்லையாம்!" என்று கூட்டம் எழுந்துவிட்டது. அப்புறம்தான் புத்தி வேலை செய்தது. அவள் கையைப் பிடித்து ஒயரைத் தேடினேன்.

அவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "அத விடுங்க. காலையில இருந்து எல்லாரும் இதத்தான் பாக்காங்க. என்னை ஒருத்தர் கேக்கல."

வெட்கமாகிவிட்டது. கேட்டேன். "இதழினி, என்னைக் கட்டிக்க உனக்குச் சம்மதமா?"

"சம்மதந்தான். மொதல்ல அந்தக் கம்பளியக் கழட்டுங்க, பாக்கவே வேர்க்கு."

மாமா சம்மதமானியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மேளக்காரர் பக்கம் திரும்பினார்.

"என்னய்யா முழிக்கீரு? பொண்ணே சொல்லுதுல்லா! அடியும்யா மேளத்த!"