களைப்புமானி பச்சையான நாள்

2071 டிசம்பர் 9, புதன்

இன்று செய்த தவறு: மேஜர் முன்னால் சிரித்துவிட்டேன். சிறிய தவறுதான். ஆனால் அதனால் என் விடுப்பு போயிற்று. வரிசையாக எழுதிப் பார்த்தால்தான் எங்கே பிசகினேன் என்று எனக்கே புரியும்.

கொள்ளிடத்து வெள்ளம் பழைய பாலத்தை அடித்துக்கொண்டு போனபோது, மாற்றுப் பாலம் போட்டது எங்கள் படைப்பிரிவு. ஞாயிற்றுக்கிழமைகள், தீபாவளி எல்லாம் தண்ணீருக்குள்ளேயே கழிந்தன. முதல் ஆம்புலன்ஸ் எங்கள் பலகைகளின் மேல் கடகடவென்று போனபோது, நான் கரையில் நின்று பார்த்தேன். நான் முறுக்கிய திருகுகள் அந்தப் பாலத்தில் இருந்தன.

அந்த நாட்களுக்கு ஈடுசெய் விடுப்பாக ஒரே ஒரு நாள் கேட்டேன். நாளை சிதம்பரத்தில் மாலைநேரப் பாலிடெக்னிக்கின் இறுதித் தேர்வு. பாடம், பாலக் கட்டுமானம். தவறவிட்டால் அடுத்த வாய்ப்பு ஓராண்டு கழித்துத்தான். அதற்குள் பிரிவு எல்லைக்கு மாறிவிடும்.

இப்போதெல்லாம் விடுப்புக்கு யாரும் காரணம் எழுதுவதில்லை. மணிக்கட்டில் பட்டையாகக் கட்டியிருக்கும் களைப்புமானி இரத்தத்தையும் நரம்புகளையும் ஓயாமல் படித்து, உடலின் களைப்பை நிறமாகக் காட்டுகிறது. சிவப்பு என்றால் விடுப்பு, மஞ்சள் என்றால் பொறு, பச்சை என்றால் வேலை. பொய் வயிற்றுவலிகளை ஒழித்த கருவி என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் பட்டை சிவந்திருந்தாலும் படி தாண்டிப் போக முடியாது. ஹவில்தார், சுபேதார், மேஜர் என்றுதான் ஏற வேண்டும். ஒவ்வொரு படியிலும் கீழே உள்ள அதிகாரி பக்கத்தில் நின்று, விடுப்பு கேட்பவர் செய்த வேலையை வாயால் எடுத்துச் சொல்ல வேண்டும். அந்தப் பழக்கத்தை மட்டும் கருவி வந்த பிறகும் படை விடவில்லை.

காலையில் என் பட்டை அடர் சிவப்பு. நாகர்கோவில்காரரான ஹவில்தார் அந்தோணிராஜ் அதைப் பார்த்துவிட்டு, "மக்கா, இந்தச் செவப்புக்கு ஒரு மாசமே தரலாம், வா" என்று சுபேதாரிடம் கூட்டிப் போனார். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு சுழலுக்குள் இறங்கி, மூன்றாவது தூணைப் பாலத்தோடு பிணைக்கும் இரும்பு ஊசியை நான் பொருத்தியதை அவர் விவரித்தார். என்னைப் பற்றி அவர் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லி அதுவரை கேட்டதில்லை. காது சூடாகிவிட்டது. பட்டை மஞ்சளுக்கு வந்ததை யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். கருவிக்கு ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டேன்.

சுபேதார் சாகுல் அமீது வார்த்தையைச் செலவழிக்காதவர். மேஜர் திலகவதியின் அறையில், ஹவில்தாரும் நானும் பின்னால் நிற்க, விறைத்து நின்று ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"முப்பது வருச சர்வீஸ்ல இப்படி ஒரு கைய நான் பார்த்ததில்ல, மேடம்."

மேஜர் எழுந்து வந்து அந்தக் கையைக் குலுக்கினார். நான் சிரித்தேன். பட்டை பளிச்சென்று பச்சையானது. மேசை மேலிருந்த, விடுப்புச் சீட்டில் முத்திரை குத்தும் பொறி, ஓய்வு தேவையில்லை என்று அறிவித்து அணைந்தது.

எல்லோரும் என் மணிக்கட்டையே பார்த்தோம். முதுகு வலித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் பெருமையையும் ஓய்வையும் அந்தக் கருவிக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

பட்டை மறுபடி சிவக்கட்டும் என்று, உடனே என்னைத் திட்டும்படி மேஜர் ஹவில்தாருக்கு உத்தரவிட்டார். ஹவில்தார் தொண்டையைச் செருமினார்.

"இவ போடுத டீய மனுசன் குடிப்பானா, மேடம்?"

சுபேதாரே சிரித்துவிட்டார். பச்சை இன்னும் அடர்ந்தது. வேறு ஏதாவது சொல்லச் சொன்னார் மேஜர்.

"வேற ஒண்ணும் தேறல, மேடம். வேல சுத்தம்."

கருவியின் குறையை விளக்கி மேஜர் தலைமையகத்துக்கு எழுதினார். மதியத்துக்குள் பதில் வந்தது; மேஜர் எங்களைக் கூப்பிட்டு அதை வாசித்தார். பெருமை களைப்பை நீக்குகிறது என்ற அரிய கண்டுபிடிப்புக்காக மேஜருக்கு மனமார்ந்த பாராட்டு. நாளை முதல் எல்லாப் பிரிவுகளிலும் மாலைதோறும் புகழ் அணிவகுப்பு நடக்கும். ஆகவே ஈடுசெய் விடுப்பு இனி எவருக்கும் தேவைப்படாது.

பாராட்டைப் படிக்கப் படிக்க மேஜரின் பட்டையும் பச்சையாயிற்று. அவர் சட்டைக் கையை இழுத்து அதை மூடினார். "நானும் ஒரு வாரம் லீவு கேட்டிருந்தேன், சுபேதார் சாப்" என்று சுபேதாரிடம் மெல்லச் சொன்னார்.

தேர்வு போய்விட்டது என்று நினைத்து, சல்யூட் அடித்துத் திரும்பினேன். மேஜர் கூப்பிட்டார்.

"நில்லு, பவளக்கொடி. லீவு குடுக்கத்தான் எனக்கு வழியில்ல. வேலை குடுக்கலாம்ல? நாளைக்குச் சிதம்பரம் போய்ப் பரீட்சை எழுது. இது உத்தரவு."

வெளியே வந்ததும் இது முறைதானா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. சுபேதாரிடம் கேட்டேன். பச்சையாக இருப்பவள் வேலைக்குப் போகிறாள், கருவி சொன்னபடிதானே நடக்கிறோம் என்றார்.

சாயங்காலம் ஹவில்தார் என்னைத் தேடி வந்தார். நாளைய அணிவகுப்பில் பிரிவு முழுவதையும் அவர்தான் புகழ வேண்டும். 'வேல சுத்தம்' என்பதைத் தவிர வேறு சொற்கள் வேண்டுமாம். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். போகும்போது, தனக்கும் அரை நாள் தூங்கும் பணி ஒன்று போடச் சொல்லி மேஜரிடம் கேட்கலாமா என்றார். படிப்படியாகத்தான் போக வேண்டும் என்றேன்.

நாளைய பணி: காலையில் சிதம்பரம் போய்த் தேர்வு எழுதுவது. மாலையில் முகாமுக்குத் திரும்பி, அணிவகுப்பில் என் இடத்தில் நின்று, புகழப்படுவது.