தயிர் மேல் விழுந்த பழி

மாங்கனித் திருவிழா அன்று காரைக்காலில் மாம்பழம் மேலிருந்து விழும். சாமி ஊர்வலம் தெருவுக்குள் நுழைந்ததும் மாடிகளில் நிற்பவர்கள் கூடை கூடையாகப் பழங்களை வீசுவார்கள். கீழே நிற்பவர்கள் துண்டை விரித்தும் பாவாடையை ஏந்தியும் பிடித்துக்கொள்வார்கள். யார் எந்தக் கோயிலுக்குப் போகிறவர்கள் என்று அன்று யாரும் கேட்பதில்லை.

ஐந்தாம் வகுப்புப் படிக்கும் சிமோனும் போயிருந்தாள். அவளுடைய தம்பி எமிலால் வர முடியவில்லை. காலில் ஆணி குத்திக் கட்டுப் போட்டிருந்தது.

"அக்கா, எனக்கும் சேத்துப் புடிச்சுட்டு வா" என்று வாசல் வரை நொண்டிக்கொண்டே வந்து சொல்லி அனுப்பினான்.

"கட்டாயம்டா!"

சிமோனுக்கு நல்ல கை. பாவாடை மடி நிறையப் பழங்கள் சேர்ந்துவிட்டன. வீட்டுக் கொல்லைப்புறம் வழியாக உள்ளே வந்தவள், தென்னை மரத்தடியில் ஒரு நிமிடம் நின்றாள். ஒன்றே ஒன்று தின்று பார்க்கலாம் என்று நினைத்தாள். அது அவ்வளவு இனிப்பாக இருந்தது. இன்னொன்று தின்றாள். அடுத்தது கொஞ்சம் காய். அதையும் விடவில்லை, தோலோடு கடித்தாள். மடியில் கடைசியாக மிஞ்சியது நசுங்கிப்போன ஒரு குட்டிப் பழம்.

"சரியான கூட்டம்டா. இது ஒண்ணுதான் கெடச்சுது" என்று அதை எமிலிடம் நீட்டினாள்.

எமில் முகம் வாடவில்லை. "பரவால்லக்கா. பாதி ஒனக்கு" என்றான்.

வேண்டாம் என்று சொன்னால் சந்தேகம் வருமே! அந்தப் பாதியையும் சிமோன் தின்றாள். எமில் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

மறுநாள் விடிந்ததும் வயிறு முறுக்க ஆரம்பித்தது. கொல்லைக்கும் வீட்டுக்குமாக ஓடி ஓடிச் சிமோன் துவண்டு போனாள். அப்பா பிரான்சில் வேலை பார்த்தார். வீட்டில் யாருக்கு உடம்புக்கு வந்தாலும் அம்மாதான் தவிக்க வேண்டும்.

"அப்படி என்னாத்தடி தின்னே?" என்று கேட்டாள் அம்மா.

கதவைப் பிடித்தபடி எமில் நின்றுகொண்டிருந்தான். கண் கலங்கியிருந்தது. அவன் எதிரில் எப்படி உண்மையைச் சொல்வது? முந்தின நாள் அம்மாவும் எமிலும் மீன் குழம்போடு சாப்பாட்டை முடித்துக்கொண்டார்கள். தயிர் ஊற்றிக்கொண்டவள் சிமோன் மட்டும்தான். அது அவளுக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது.

"தயிரும்மா. ஒரு மாதிரி இருந்துச்சு."

சொல்லி முடிப்பதற்குள் நாக்கு கசந்தது. ஆனால் சொல் வெளியே போய்விட்டது.

பக்கத்து வீட்டு மார்த் அத்தையிடம் அம்மா சுவர் வழியாகச் சொன்னாள். மார்த் அத்தை தெருக்குழாயடியில் சொன்னாள். வெயில் ஏறுவதற்குள் தெரு முழுவதும் தெரிந்துவிட்டது.

அன்றைக்கும் தயிர் விற்கும் அற்புதம் அக்கா கோட்டுச்சேரிப் பக்கமிருந்து பானையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே வந்தாள். "தயிரு! தயிரேய்!" என்ற குரல் தெருக்கோடியிலிருந்து கேட்டது. ஒரு கதவும் திறக்கவில்லை.

சிமோன் வீட்டு வாசலில் வந்து நின்றாள் அற்புதம் அக்கா. "என்னாங்கம்மா, யாருமே தயிர் வாங்கல?"

அம்மா தயங்கினாள். "பாப்பாவுக்கு வயித்தால போவுது, அற்புதம். நேத்து ஒன் தயிரைத்தான் தின்னுச்சு."

அற்புதம் அக்காவின் முகம் வெளுத்தது. ஆனால் அவள் முதலில் கேட்டது தயிரைப் பற்றி அல்ல.

"ஐயோ! புள்ளைக்கு இப்ப எப்படிங்க இருக்கு?"

உள்ளே பாயில் படுத்திருந்த சிமோன் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் அம்மா அவளை டாக்டர் பஞ்சநாதனிடம் அழைத்துப் போனாள். அவர் வயிற்றைத் தொட்டு அழுத்திப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார்.

"திருவிழா முடிஞ்சா ஒரு வாரத்துக்கு இங்க வர்றது பூரா மாம்பழப் புள்ளைங்கதான்" என்று சிரித்தார்.

"இவ தம்பிகூட பங்கு போட்டு ஒரு பழம்தான் தின்னா, டாக்டர்" என்றாள் அம்மா.

சிமோன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பாட்டைக் கரைக்க வயித்துல ஒரு சாறு ஊறும்மா. அதுவும் ஓரளவுக்குத்தான் வேலை செய்யும். காயும் பழமுமா அள்ளிப் போட்டா அது என்னா பண்ணும்? சரி, காய்ச்சல் இல்ல. மாத்திரை எதுவும் வேணாம். உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணி குடுங்க. வயிறு கேட்டதும் கரைசலா மோர்ச்சோறு குடுங்க."

"மோரா? தயிராலதானே டாக்டர் இவளுக்கு இப்படி ஆச்சு?"

டாக்டர் தலையை ஆட்டினார். "நல்ல தயிர் வயித்துக்குக் கூட்டாளிம்மா. கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க அதுல இருக்கு. பாலைத் தயிராக்குறதே அதுங்கதான். நம்ம வயித்துக்கும் அதுங்க நல்லது செய்யும். கிருமின்னாலே கெட்டதுன்னு நெனைச்சுக்காதீங்க."

கெட்டது எதுவென்று சிமோனுக்குத் தெரியும். அது வயிற்றில் இல்லை.

வயிறு இரண்டு நாளில் அடங்கிவிட்டது. கன்னம் மட்டும் சுட்டுக்கொண்டே இருந்தது. கண்ணாடி முன் நின்று தலை வாரவும் பிடிக்கவில்லை. அற்புதம் அக்காவின் குரல் அவர்கள் தெருவில் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் எமில் நொண்டிக்கொண்டே ஓடி வந்தான். முகமெல்லாம் பெருமை.

"அக்கா! அந்தத் தயிர்க்காரம்மா அடுத்த தெருவுல வந்தாங்க. அங்கயும் யாரும் வாங்கல. நான் என்னா பண்ணேன் தெரியுமா? 'கெட்ட தயிரு, கெட்ட தயிரு'ன்னு கத்திக்கிட்டே பின்னாடி போனேன். என் அக்கா வயித்த நோவ வச்சாங்கல்ல?"

சிமோன் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அவங்க என்னடா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. கண்ணத் தொடச்சுக்கிட்டுப் போனாங்க." எமிலின் குரல் தணிந்தது. "நான் பண்ணது தப்பாக்கா?"

"இல்லடா. தப்பு என்னுது." சிமோன் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்கு மடி நெறையப் பழம் கெடச்சுது எமில். ஒனக்குக் குடுக்காம நானே தின்னுட்டேன். அதாலதான் வயிறு நொந்துச்சு. தயிரு நல்லாத்தான் இருந்துச்சு."

எமில் கையை இழுத்துக்கொண்டான். "அப்ப என் பாதியையும் ஏன்க்கா தின்னே?"

சிமோன் எழுந்து செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள்.

அடுத்த தெருக் குழாயடியில் பெண்கள் குடங்களோடு நின்றிருந்தார்கள். மார்த் அத்தை இருந்தாள். அம்மாவும் இருந்தாள். அற்புதம் அக்கா நிறைந்த பானையோடு, யாரையும் பார்க்காமல் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தாள்.

"அக்கா, நில்லுங்க!"

எல்லோரும் திரும்பினார்கள். வந்த வழியே ஓடிவிடலாமா என்றுகூடச் சிமோனுக்கு ஒரு கணம் தோன்றியது. அதற்குள் கையைக் குவித்து நீட்டிவிட்டாள்.

"எனக்குக் கொஞ்சம் தயிர் ஊத்துங்கக்கா."

"சிமோன்!" என்று கத்தினாள் அம்மா.

அற்புதம் அக்கா தயங்கித் தயங்கி ஊற்றினாள். சிமோன் அத்தனை பேர் பார்க்க அதைக் குடித்தாள்.

"நான் பொய் சொன்னேம்மா. மாம்பழத்தை எல்லாம் நானே தின்னேன். தம்பிக்குத் தெரிஞ்சுடும்னு தயிர் மேல பழியப் போட்டேன்."

அம்மா தலை குனிந்தாள். பிறகு, "என்னை மன்னிச்சுக்க அற்புதம். தீர விசாரிக்காம நானும் பேசிட்டேன்" என்றாள்.

அற்புதம் அக்கா பானையைக் கீழே இறக்கினாள். "எனக்குக் கோவம்தான் பாப்பா. இல்லன்னு சொல்ல மாட்டேன். தெனம் நெறஞ்ச பானையோடவே வீட்டுக்குத் திரும்பிப் போனேன்."

"நான் உங்ககூட வரேங்க்கா. ஒவ்வொரு வீட்டுலயும் நானே சொல்றேன்."

அப்படியே போனாள். பின்னால் சத்தம் போடாமல் எமிலும் ஒட்டிக்கொண்டான். ஒவ்வொரு கதவு திறக்கும்போதும் சிமோனுக்குக் காது சிவந்தது. ஒவ்வொரு வாசலிலும் அதே வார்த்தைகளைச் சொன்னாள். சிலர் திட்டினார்கள். சிலர் சிரித்தார்கள். பலர் பாத்திரம் கொண்டுவந்தார்கள்.

கடைசி வீடு பழைய பட்டாளக்காரர் சார்ல் ஐயாவுடையது. அவருக்குக் காது மந்தம்.

"என்னா? கேக்கல, சத்தமா சொல்லு!"

"மாம்பழத்தை நான் தின்னுட்டேன்!"

"யாரு தின்னா?"

"நான்! நான்தான் தின்னேன்!"

தெருவே எட்டிப் பார்த்தது. அற்புதம் அக்காவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. பானையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எமிலும் சிரித்தான்.

திரும்பும் வழியில் சிமோன் மெதுவாகக் கேட்டாள். "நாளைக்கும் வந்து சொல்லணுமாங்க்கா?"

"போதும் போதும்! அந்த ஐயா காதுலயே விழுந்துடுச்சே. இனி யாருக்குச் சொல்லணும்?" என்று சொல்லி, அற்புதம் அக்கா காலிப் பானையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.