பெரியத்தையின் நாற்பத்திரண்டு பொத்தான்கள்

"நீ வீட்டு உடுப்பிலேயே வந்துடு அக்கா. உள்ரூம்ல சோபா போட்டிருக்கேன். யாரும் பார்க்க மாட்டாங்க" என்றாள் நஜாத் அத்தை.

பத்தூல் பெரியத்தை தேநீர்க் கோப்பையை ணங்கென்று வைத்தாள். "நான் என்ன உடைஞ்ச நாற்காலியா, உள்ரூம்ல போட்டு வைக்க?"

ஞாயிற்றுக்கிழமை காலை நஜாத் அத்தையின் பேரனுக்குப் பெயர் சூட்டும் விருந்து. மொராக்கோவின் தெத்துவான் நகரில் உள்ள சொந்தமெல்லாம் வரும். விருந்துக்கென்றே பெரியத்தையிடம் ஒரு பச்சைக் கஃப்தான் அங்கி இருந்தது. கழுத்திலிருந்து பாதம்வரை நாற்பத்திரண்டு பட்டுப் பொத்தான்கள். ஒவ்வொன்றும் கொண்டைக்கடலை அளவு.

தபால் நிலையத்தில் முப்பது வருடம் முத்திரை குத்திய பெரியத்தையின் விரல்கள், இப்போது மூட்டுவலியில் மடங்கிக் கிடந்தன.

"நான் மாட்டி விடுறேனே" என்றாள் நஜாத் அத்தை.

"மாட்டிவிடுவ. பாதியில எனக்குக் கழிப்பறைக்குப் போகணும்னா? நாப்பத்திரண்டையும் கழட்டி, மறுபடி மாட்ட, உன்னைத் தேடிட்டு ஓடணுமா? நானே போடணும், நானே கழட்டணும். இல்லன்னா வரமாட்டேன்!"

பக்கத்தில் இருந்த தம்பி மகள், பத்து வயது விஸாலுக்குச் சிரிப்பு வந்தது. பெரியத்தையின் கண்கள் கலங்கியிருப்பதைக் கண்டதும் அது நின்றுவிட்டது. அந்தப் பொத்தான்கள்மேல் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

அன்று மாலையே விஸால் கஃப்தானோடு உட்கார்ந்தாள்.

"பெரியத்தை, இதைப் பிரிக்கட்டுமா?"

"பிரி. என் துணி, என் இஷ்டம்."

பொத்தான்களை வளையங்களில் மாட்டி, அப்படியே வலப்பக்கத்தில் தைத்துவிட்டாள். இனி அவை வெறும் அலங்காரம். அடியில், பழைய ஷூவிலிருந்து வெட்டிய ஒட்டுப்பட்டையை வைத்தாள்.

பெரியத்தை பிரித்துப் பார்த்தாள். பர்ர்ர்ர்!

"அடியே! விருந்துல இப்படிச் சத்தம் வந்தா வேற என்னமோன்னு நெனப்பாங்க!"

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஆனால் ஞாயிறு நெருங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் பள்ளியில் விஸால் பென்சில் பெட்டியை மூடினாள். டப். மறுபடி திறந்தாள். மூடினாள். டப்.

"காந்தம்!" என்று கத்தியே விட்டாள். ஆசிரியர் முறைத்தார்.

கடைத்தெருவில் கைப்பைக்கு வைக்கும் காந்தங்கள் பன்னிரண்டு வாங்கினாள். அம்மாவும் உதவ, ஒட்டுப்பட்டை இருந்த இடத்தில் அவற்றை மூன்று மாலைகளில் தைத்து முடித்தாள்.

ஞாயிறன்று பெரியத்தை அறைக்கதவைச் சாத்தினாள். பத்து எண்ணுவதற்குள் கதவு திறந்தது. பச்சைக் கஃப்தானில் ராணி மாதிரி நின்றாள்.

விருந்து வீட்டில் உள்ரூம் பக்கமே அவள் திரும்பவில்லை. நேராகக் கூடத்தின் நடு சோபாவில் போய் உட்கார்ந்தாள். நஜாத் அத்தை வாயைப் பிளந்தாள். "யாரு மாட்டி விட்டா?"

"நானே!"

தேநீர்த் தட்டு வந்தது. பெரியத்தை குனிந்தாள். தட்டிலிருந்த ஸ்பூன் ஒன்று துள்ளி எழுந்து அவள் மார்பில் ஒட்டிக்கொண்டது.

கூடமே திரும்பிப் பார்த்தது. விஸாலுக்கு அழுகை முட்டியது. எல்லாம் கெட்டுப்போய்விட்டது!

"இதென்ன அக்கா அசிங்கம்! எடுத்துடு!" என்று நஜாத் அத்தை கை நீட்டினாள்.

"தொடாதே!" பெரியத்தை எழுந்து நின்றாள். கஃப்தானின் முன்பக்கத்தைப் பிடித்து இழுத்தாள். டப் டப் டப்! உள்ளே அழகான வெள்ளை அங்கி. மடங்கிய விரல்களாலேயே சேர்த்தாள். டப் டப் டப்! மூடிக்கொண்டது.

"பார்த்தீங்கல்ல? எங்க விஸால் தைச்சது. இனிமே எவளும் எனக்குப் பொத்தான் மாட்ட வேண்டாம்!"

மூலையில் கைத்தடியோடு இருந்த ஒரு கிழவி மெல்ல எழுந்தாள். "பொண்ணே, எனக்கும் இப்படி ஒண்ணு செய்வியா?"

"எனக்கும்!" என்றாள் இன்னொருத்தி. "எங்க வீட்டுக்காரருக்கும்! அவருக்குக் கை தூக்க வராது, ஆனா வாய் நல்லா வரும்."

நஜாத் அத்தை விஸாலின் காதருகே வந்தாள். "என் விரல் மூட்டும் இப்பத்தான் வலிக்க ஆரம்பிச்சிருக்கு. என் நீலக் கஃப்தானையும் கொண்டு வரட்டுமாடி?"

"வரிசையில வா!" என்றாள் பெரியத்தை.

விருந்து முடியும்வரை அந்த ஸ்பூனை அவள் எடுக்கவேயில்லை. பதக்கம் மாதிரி அது அங்கேயே மின்னிக்கொண்டிருந்தது.